மாதுளை அரை

மேற்குக் கொட்டகையில் கன்றுகள் சாகத் தொடங்கிய பிறகும் கிழக்குக் கொட்டகையில் ஒன்றுகூடச் சாகவில்லை. அதுதான் எல்லோரையும் உறுத்தியது.

வெளியே வெயில் தகரத்தைக் கொதிக்கவைக்கிற பாலைவனம். நடுவில் குளிரூட்டிய இரண்டு நீளக் கொட்டகைகள். பால்பண்ணையின் கன்றுகள் அத்தனையும் அந்த இரண்டில்தான் வளர்ந்தன. இரண்டுக்கும் ஒரே தண்ணீர், ஒரே புல், ஒரே மாதுளைத்தோல் தூள். ஆனால் மேற்கில் மட்டும், காலையில் கதவைத் திறந்தால் ஏதாவது ஒன்று காலை நீட்டிக் கிடக்கும்.

கிழக்கைப் பார்த்துக்கொண்டவன் இசக்கிராஜ். மேற்கைப் பார்த்துக்கொண்டவர் அவனுடைய அக்கா முப்பிடாதியின் புருஷன் கொம்பையா. மாடு வளர்த்த கை என்று சொல்லி முதலில் இங்கே வந்தவர் அவர்தான். மச்சினனும் நல்ல கைக்காரன் என்று கம்பெனியிடம் சொல்லி அவனை வரவழைத்தவரும் அவர்தான். இசக்கி அதுவரை ஊரில் செல்போன் கடையில் இருந்தவன். கன்றுக்கு முன்வாய்ப் பல் எத்தனை என்பதையே இங்கே வந்துதான் தெரிந்துகொண்டான்.

"ஏல, ஒங் கன்னுவ எல்லாம் காலேஜுக்குப் போயிரும் போலிருக்கு," என்றார் கொம்பையா, சாப்பாட்டு மேசையில். "ஏங் கன்னுவ எந்திரிச்சு நிக்கவே மாட்டேங்கு."

"தொத்து ஏதும் வந்திருக்குமோ அத்தான்?"

"தொத்துன்னா காய்ச்ச அடிக்கணும்லா? கழிச்ச இருக்கணும்லா? ஒண்ணும் கெடையாது. சாணி கெட்டியாத்தான் போடுது. என் மூஞ்சியப் பாக்கு, பொசுக்குனு சரிஞ்சிருது. எமையப் பிரிச்சுப் பாத்தா உள்ள வெள்ள வெளேர்னு இருக்குல."

சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

ஊசியும் மாத்திரையும் வேலை செய்யாமல் போய் அப்போது ஒரு தலைமுறை ஆகியிருந்தது. கிருமிகள் எல்லா மருந்தையும் பழகிக்கொண்டன. அதைப் பழக்கியதே பண்ணைகள்தான் என்று உலகம் முடிவுகட்டி, மாட்டுக்கு மருந்து என்ற பேச்சையே சட்டத்தால் நிறுத்திவிட்டார்கள். செடிகொடியில் இருந்து வந்ததை மட்டும், அதுவும் கம்பெனி மேலிடம் எழுதிக் கொடுத்த அளவில் மட்டும் கொடுக்கலாம். அப்படித்தான் மாதுளை வந்தது. சாறு பிழிந்தபின் மிஞ்சும் தோலைக் காயவைத்துப் பொடித்துத் தீவனத்தில் கலந்தால் கன்றுக்குக் கழிச்சல் இல்லை, வயிற்றுப் பூச்சி இல்லை. பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை எறிந்த காலம் போய், தோலுக்காகவே பழம் பயிரிட ஆரம்பித்தார்கள்.

தீவனத்தில் கை வைப்பதுதான் பெரிய குற்றம். கர்நூல் பக்கத்து ஆள் ஒருவர், இளைத்துப்போன கன்றுக்கு பாசத்தால் ஒரு பிடி மஞ்சளைத் தீவனத்தில் கலந்துவிட்டு இன்னமும் சிறையில் இருந்தார்.

யாரும் கை வைக்கக் கூடாது என்பதற்காகவே ஒரு இயந்திரம் இருந்தது. ஊரில் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள். தொட்டியைத் திறப்பது, அளப்பது, கலப்பது எல்லாம் அதுதான். கொட்டகை ஆள் தன் தாய்மொழியில் வாயால் சொன்னால் போதும், செய்துவிடும். அவரவர் கொட்டகையில் அவரவர் குரலுக்கு மட்டும். உத்தரத்தில் எரியும் பச்சை விளக்குதான் அதன் காது.

சாயங்காலம் இசக்கி கையுறையைக்கூடக் கழற்றாமல் போனை வாயருகே பிடித்து அக்காவுக்குச் செய்தி சொன்னான். பேசினால் எழுத்தாக்கி அனுப்பும் போன் அது. "அத்தானோட கன்னு தெனம் ஒண்ணு போவுது, அவிய ரொம்ப ஒடஞ்சிட்டாவ" என்றான். அடுத்த நிமிடமே அக்கா கூப்பிட்டுவிட்டாள்.

"ஏல, அவியளுக்குக் கண்ணுக்கு என்னல?"

"கண்ணா? கண்ணுக்கு ஒண்ணுமில்லயே."

"அத்தானோட கண்ணு போவுதுன்னு போட்டிருக்க! வயித்துல புளியக் கரச்சுட்டியே பாவி!"

"கன்னுக்கா. கன்னுக்குட்டி. போன் தப்பா எழுதிட்டு."

"ஒனக்குக் கையில்லயா? எழுதித் தொலயேன்." மூச்சு வாங்கினாள். பிறகு குரல் இறங்கியது. "கன்னு போனா அவியள என்ன செய்வாவ?"

இசக்கி பொய் சொல்ல நினைத்தான். வரவில்லை. "விசாரண வச்சிருக்காவ. அவிய கவனிக்காமப் போட்டுத்தான் செத்துட்டுன்னு முடிவாச்சுன்னா, உள்ள வச்சிருவாவக்கா."

"நீ பக்கத்துலதானல இருக்க," என்றாள் அக்கா. "நீ இருக்கேன்னுதான் நான் இங்க நிம்மதியா இருக்கேன்."

விசாரணை என்பது மேலாளரின் அறையில் ஒரே கேள்வியாக நடந்தது. மேலாளர் தன் மொழியில் பேச, மேஸ்திரி அதை மொழிபெயர்த்து அச்சுத் தமிழில் சொன்னது: "இரண்டு கொட்டகைக்கும் தண்ணீர் ஒன்று, தீவனம் ஒன்று, மாதுளை ஒன்று. ஆள் மட்டுமே வேறு. எனவே குறை ஆளிடம் இருக்கிறது. மறுத்துச் சொல்ல ஏதாவது உண்டா?"

கொம்பையாவுக்கு மறுக்கத் தெரியவில்லை. "சொன்னபடிதான்யா செஞ்சேன்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவரை வேலையை விட்டு நிறுத்தி வைத்தார்கள். மேற்குக் கொட்டகை மேலாளரின் குரலுக்கு மாற்றப்பட்டது. கன்றுகள் தொடர்ந்து செத்தன.

இசக்கிக்கு விஷயம் தெரிந்தது ஒரு லாரியால்தான். மாதுளைத்தோல் மூட்டைகள் வந்து இறங்கின. மேஸ்திரி சொன்னது: "கிழக்குத் தொட்டியில் இடமில்லை. மிச்சத்தை மேற்குக்கு அனுப்பவா?"

"எப்பிடி இடமில்லாமப் போவும்? ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான போவுது?"

"இல்லை. கிழக்கில் பாதி அளவு."

"யாரு சொன்னா?"

"நீங்கள்."

அவனுடைய சொந்தக் குரலே உத்தரத்திலிருந்து இறங்கி வந்தது. பின்னால் லாரி உறுமுகிற சத்தம்கூட இருந்தது. *மேஸ்திரி, மாதுளை அரை.*

இசக்கிக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. ஆலையில் பொடிக்கிற எந்திரம் பழுதாகி, தோல் அன்றைக்குத் தூளாக வராமல் சில்லுசில்லாக வந்திருந்தது. கன்று தொண்டையில் சிக்கிக்கொள்ளுமே என்று, அரைத்துப் போடச் சொன்னான். "சரி, அரை" என்றது மேஸ்திரி. கலவை வண்டியின் கத்திகளில் அடிபட்டுச் சில்லுகள் தானாகவே நொறுங்கிப் போனதால், சொன்னது நடந்துவிட்டது என்றே நினைத்திருந்தான்.

"நான் அரைக்கச் சொன்னேன்," என்றான்.

"அரை என்றால் பாதி. கொட்டகை ஆள் சொன்ன அளவை, மாற்றிச் சொல்லும்வரை தொடர்வேன். முழு அளவுக்குத் திரும்பவா?"

கிழக்குக் கொட்டகைக் கன்றுகள் கம்பிக்கு வெளியே தலையை நீட்டி அவன் சட்டையை நக்கின. சின்னக் கன்று ஒன்றின் இமையை விரலால் பிரித்துப் பார்த்தான். உள்ளே நல்ல சிவப்பு.

"வேண்டாம்," என்றான். "அப்பிடியே இருக்கட்டும்."

மேற்குக் கொட்டகை வாசலில் போய் நின்று இதே சொல்லைச் சொன்னால் அங்கேயும் பாதியாகிவிடும் என்று ஒரு கணம் நினைத்தான். ஆனால் அவன் குரல் அங்கே செல்லாது. கொம்பையாவின் குரலும் இனிமேல் செல்லாது. யாரிடமாவது வாய் திறந்து சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னால், தீவனத்தில் கை வைத்தவன் அவன். மஞ்சள் கலந்தவருக்குப் பக்கத்து அறை.

அன்று மத்தியானம் வரை யோசித்தான். பிறகு கால்நடை மருத்துவர் வதனியின் அறைக்குப் போனான். யாழ்ப்பாணத்துக்காரர். செத்த கன்றின் இரத்தக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரத்தம் ரோஸ் நிறத் தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது.

"டாக்டரம்மா, அரைன்னா என்ன?"

"இதென்ன கேள்வி? அரையெண்டா பாதி."

"வேற?"

"வேறயெண்டா... இடுப்பு. அரைஞாண் கட்டுறமல்லே. ஏன், குறுக்கெழுத்துப் போட்டி ஏதும் செய்யிறீரோ?"

"ஒங்க வீட்டுல சட்னிக்குத் தேங்காய என்ன செய்வாவ?"

"சம்பலுக்கோ? அரைப்பி..." வதனி குப்பியைக் கீழே வைத்தார். அவனையே பார்த்தார். "நீர் என்ன சொன்னனீர் அந்த மெஷினுக்கு?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவர் இடையில் ஒரு தடவை சிரித்துவிட்டார். உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மாதுளந்தோலில துவர்தானே விஷயம்," என்றார் பிறகு. "கொஞ்சமாப் போனா குடலில இருக்கிற கிருமியைக் கட்டிப்போடும். கூடிப்போனா சாப்பாட்டில இருக்கிற இரும்பையும் சேர்த்துக் கட்டிப்போடும். பேந்து இரத்தம் எங்கால ஊறுறது? பக்கத்துப் பண்ணையில நோய் எண்டவுடன மேலிடம் பயந்து அளவை ரெண்டு மடங்காக் கூட்டினது. வேண்டாமெண்டு சொன்னனான். நல்லது கூடினா என்ன கெட்டே போகும் எண்டு கேட்டவை. உம்மட கொட்டகையில அது பாதியானதால பழைய அளவு வந்திட்டுது. அதுதான் உம்மட கன்றுகள் நிக்குது."

"அப்ப எங்கத்தான் மேல தப்பில்ல."

"அவரில ஒரு பிழையும் இல்லை. அவர் சொன்னபடி செய்தவர். சொன்னபடி செய்யாதது நீர்."

"அத எழுதிக் குடுங்க."

"உம்மைத் தூக்கி உள்ள போடுவாங்கள். விளங்குதே?"

இசக்கி கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். "எனக்கென்ன, கல்யாணமா காட்சியா? எங்கக்காளுக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு. எழுதுங்க டாக்டரம்மா."

வதனி எழுதினார். இசக்கி அதைப் படித்துப் பார்த்தான், கையெழுத்துப் போட்டான். அதோடு நிற்காமல், மேலாளருக்கு முன்னால் நின்று தன் வாயாலும் சொன்னான். அரை என்ற சொல்லை எடுக்காமல், "பொடி பண்ணு" என்று சொல்லியிருக்க வேண்டியதைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று கவனமாகச் சொன்னான். மேஸ்திரி ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தது. மேலாளர் கோபப்படவில்லை. அந்தப் பதிவை ஒரு தடவை போட்டுக் காட்டச் சொன்னார். கேட்டார். எழுந்து வந்து இசக்கியின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாளே மேற்குக் கொட்டகையில் மாதுளை பாதியாக்கப்பட்டது. சில நாளில் சாவு நின்றது. படுத்துக் கிடந்த கன்றுகள் முன்னங்காலை ஊன்றி எழுந்தன. போலீஸ் எப்போது வரும் என்று இசக்கி பெட்டியைக் கட்டி வைத்திருந்தான். யாரும் வரவில்லை. கொம்பையா அவன் கட்டிலில் வந்து உட்கார்ந்து, "எவன்டா எனக்காவ ஜெயிலுக்குப் போவான்? கூறு கெட்ட பய," என்று திட்டினார். திட்டும்போதே அவருக்குக் கண் கலங்கியது.

பிறகு முடிவைப் படிக்க இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். மேஸ்திரி படித்தது.

"கன்றுகளுக்கான மாதுளை அளவை அரையாகக் குறைக்கும் கட்டளை, நிர்வாகத்தின் வழிகாட்டுதலின்படி, கிழக்குக் கொட்டகைப் பணியாளர் இசக்கிராஜின் குரலில் உரிய நாளில் பதிவாகியுள்ளது. கிழக்குக் கொட்டகை அதைப் பின்பற்றியது. மேற்குக் கொட்டகைப் பணியாளர் கொம்பையா பின்பற்றத் தவறினார். கன்றுகளின் இழப்புக்கு அதுவே காரணம். அவருடைய நீண்ட பணியைக் கருதிச் சிறைத் தண்டனை கோரப்படவில்லை. அவர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுகிறார். கால்நடை சார்ந்த எந்தப் பணியிலும் எந்த நாட்டிலும் அவர் இனிச் சேர்க்கப்பட மாட்டார். இசக்கிராஜ் இரு கொட்டகைகளுக்கும் பொறுப்பாளராக உயர்த்தப்படுகிறார்."

இசக்கிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கத்தினான். "நான் அப்பிடிச் சொல்லலயே! மேஸ்திரி, நீயே சொல்லு, அன்னைக்கு முழு அளவு எம்புட்டு இருந்திச்சு?"

"முழு அளவு என்று எதுவும் என் பதிவில் இல்லை," என்றது மேஸ்திரி. அதன் குரலில் பொய் இல்லை. பதிவில் உண்மையாகவே இல்லை. யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள்.

அவன் வதனியிடம் ஓடினான். அவர் மேசையைக் காலி செய்து பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். "நான் எழுதினது ஒண்டு, அங்க போய்ச் சேர்ந்தது வேற ஒண்டு," என்றார். "மேலிடம் கூட்டின அளவில கன்று செத்ததெண்டு வெளியில தெரிஞ்சா, இவையின்ர பாலை ஒரு நாடும் வாங்காது. கூட்டேல்லை, குறைக்கத்தான் சொன்னது எண்டு காட்ட அவைக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. தேதியோட, குரலோட." அந்தச் சாட்சியைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தவனே எதிரில் நின்றான்.

கொம்பையாவை விமான நிலையத்துக்குக் கொண்டுபோகிற வேன் பண்ணை வாசலில் நின்றது. இசக்கி அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"நானும் வந்திருதேன் அத்தான். எனக்கு இந்த வேல வேண்டாம்."

"வந்து? ரெண்டு பேரும் ஒக்காந்து வீட்டுச் செவத்தப் பாப்பமா?" என்றார் அவர். "ஒனக்கு நாக்கு நீளம்னு நான் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே ஒங்கக்கா சொன்னா. நீ நல்லதுக்குத்தான் சொன்ன. அவனுவ அத வேற வேலைக்கு வச்சுக்கிட்டானுவ. அதுக்கு நீ என்ன செய்வ?"

வேனில் ஏறி உட்கார்ந்தபின் கண்ணாடியை இறக்கினார்.

"மேக்கால ஒரு கருப்புக் கன்னு, நெத்தியில வெள்ள. அது எந்திரிச்சிட்டால?"

"எந்திரிச்சிட்டு அத்தான். இன்னைக்குக் காலையில என் கைய நக்குச்சு."

"அப்பச் சரி," என்றார். வேன் போய்விட்டது.

அக்கா அதன்பிறகு அவனிடம் பேசவில்லை. அவன் செய்தி அனுப்புவான், படித்துவிட்டாள் என்பது போனில் தெரியும், பதில் இருக்காது. அத்தான் மட்டும் எப்போதாவது கூப்பிட்டுக் கன்றுகளை விசாரிப்பார். ஊரில் அவரைக் கன்றைக் கொன்றவர் என்று பேசிக்கொள்கிறார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. வேறு ஆள் மூலம் இசக்கிக்குத் தெரிய வந்தது.

பண்ணையில் அந்தச் சொல் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. கிழக்கிலும் மேற்கிலும் விடிந்ததும் மாதுளைத் தொட்டியைத் திறக்கும் கட்டளையாக அவனுடைய பதிவையே வைத்துவிட்டார்கள். வேலைக்கு வந்திருந்த நேபாளிகள் மாதுளைத்தோல் தூளுக்கே அரை என்று பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். வங்காளிகளும் அப்படியே. நாளடைவில் ஆலையிலிருந்து வரும் மூட்டையிலேயே ஆங்கில எழுத்தில் 'அரை' என்று அச்சாகி வந்தது. வேறு நாட்டுப் பண்ணைகளுக்கும் அந்தப் பெயரிலேயே போவதாகச் சொன்னார்கள். இசக்கி பொறுப்பாளருக்கான நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு இரண்டு கொட்டகைக்கும் நடுவில் நடந்தான். பச்சை விளக்குக்குக் கீழே தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

மேற்குக் கொட்டகைக்குப் புது ஆள் வந்தார். தர்மபுரிப் பக்கம், பெயர் மாரப்பன், நாற்பதைத் தாண்டியவர். ஊரில் சொந்தமாக நாலு மாடு வைத்திருந்து, தீவனம் கட்டுப்படியாகாமல் விற்றுவிட்டு வந்தவர். எதையும் நோண்டிக் கேட்கிற ஆள். மூட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இதுக்கு ஏன் அரைன்னு பேரு?"

"அளவு," என்றான் இசக்கி.

"அளவுன்னா? எதுல அரைங்க சார்?"

இசக்கி மூட்டைகளை எண்ணத் தொடங்கினான்.

"இல்லீங்க, அரைன்னு ஒண்ணு இருந்தா முழுசுன்னு ஒண்ணு இருக்கணுமில்ல? அரைப்படின்னா படி இருக்கும். அரை நாளுன்னா நாளு இருக்கும். இது எதுல பாதி?"

உத்தரத்தில் விளக்கு பச்சையாக எரிந்தது. "முழு அளவு என்று எதுவும் பதிவில் இல்லை," என்றது மேஸ்திரி.

"இதென்ன கூத்தா இருக்குது?" மாரப்பன் சிரித்தார். "முழுசே இல்லாம பாதி எங்கிருந்துங்க வரும்?"

இசக்கி அவரைப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தி விளக்கைப் பார்த்தான். குரல் தெளிவாக வந்தது.

"எங்கத்தான் கொம்பையா, இதே கொட்டகையில, கம்பெனி சொன்னபடி சொன்ன அளவுல போட்டாவ. அந்த அளவுலதான் கன்னு செத்துச்சு. அதுல பாதி."

மாரப்பனின் சிரிப்பு நின்றது.

"பொறுப்பாளர் சொன்னது பதிவில் உள்ளதற்கு மாறாக இருக்கிறது," என்றது மேஸ்திரி. "இதைப் பதிவு செய்யவா?"

"செய்யி," என்றான் இசக்கி. "என் பேரோட."